வளர்ச்சியா, வீக்கமா? டெக்சஸ் 380 சாலையோரத்திலிருந்து

வருடா வருடம் மே மாதம் அமெரிக்க சென்சஸ் பீரோ ஊர்வாரியாக மக்கள்தொகை மதிப்பீட்டை வெளியிடும். அன்றைக்கு டாலஸுக்கு வடக்கே இருக்கிற எங்கள் வாட்ஸப் குழுக்களைப் பார்க்க வேண்டும், சொந்தத் தெருப் பையன் ஐஏஎஸ் தேறிய மாதிரி ஒரே குதூகலம். 2025 மே மாதம் வந்த பட்டியலில், இருபதாயிரம் பேருக்கு மேல் வசிக்கிற ஊர்களில், சதவீதக் கணக்கில் நாட்டிலேயே முதலிடம் பிரின்ஸ்டன், டெக்சஸ். ஒரே வருடத்தில் 30.6 சதவீதம். அதற்கு முந்தைய வருடம் முதலிடத்தில் இருந்தது செலினா. இரண்டுமே எங்கள் காலின் கவுண்டிப் பக்கம் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி). ரியல் எஸ்டேட் லைசென்ஸ் எடுத்து வைத்திருக்கிற நண்பர்கள் (இங்கே ஐந்து தமிழ்க் குடும்பத்துக்கு ஒருவர் எடுத்து வைத்திருக்கிறாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம்) அந்தப் படத்தை மாலை வரைக்கும் ஃபார்வர்ட் செய்துகொண்டே இருந்தார்கள்.

சரி, 30 சதவீதம் என்றால் எவ்வளவு? பிரின்ஸ்டனில் 2010-இல் இருந்தவர்கள் 6,807 பேர். 2020-இல் 17,027. 2024 ஜூலைக் கணக்குப்படி 37,019. அதே ஒரு வருடத்தில் நியூயார்க் நகரத்தில் கூடியவர்கள் சுமார் 87,000 பேர், இரண்டு பிரின்ஸ்டனைத் தூக்கி உள்ளே வைத்தாலும் மிச்சம் இருக்கும். ஆனால் எண்பத்தைந்து லட்சத்தைத் தொடுகிற ஊரில் அது ஒரு சதவீதம்தான், பட்டியலில் கண்ணில்கூடப் படாது.

குழுவில் யாரும் போடாத இன்னொரு செய்தி உண்டு. அந்தப் பிரின்ஸ்டன் 2024 செப்டம்பரிலேயே புதிய குடியிருப்புத் திட்டங்களுக்கு அனுமதி தருவதை நிறுத்திவைத்துவிட்டது. தண்ணீர், கழிவுநீர், சாலை, போலீஸ் எதுவுமே வந்து சேர்ந்த ஆட்களுக்கு ஈடுகொடுக்கவில்லை, கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்கிறோம் என்று நகர மன்றமே கையைத் தூக்கிவிட்டது. அதாவது நாட்டிலேயே வேகமாக வளர்கிற ஊர் என்ற பட்டம் வந்து சேரும்போது ஊர் வாசலில் "தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது" பலகை தொங்கிக்கொண்டிருந்தது. ஏற்கெனவே அனுமதி வாங்கிய மனைகளில் வீடு ஏறிக்கொண்டுதான் இருந்தது, அது வேறு விஷயம்.

எந்த அமெரிக்க நகரம் சூடு பிடிக்கிறது, எங்கே வேலை தேடலாம், எங்கே வீடு வாங்கலாம் என்று ஊரிலிருந்து வருகிறவர்களும் இங்கேயே ஊர் மாறுகிறவர்களும் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். என் கட்சி இதுதான்: இந்தச் சதவீதப் பட்டியலை முதலில் ஓரம் வையுங்கள். எந்தக் கவுண்டியில் யார் காட்டை மனை போட்டார்கள் என்பதற்கு மேல் அது பெரிதாக ஒன்றும் சொல்வதில்லை. காலி நிலம் இருக்கிற வரைக்கும் எந்த ஊரும் வளரும், அதில் ஊர்க்காரர்களின் சாமர்த்தியம் என்று எதுவும் இல்லை. நிலம் தீர்ந்த பிறகும் புதிதாக வருகிறவனுக்கு இடம் விடுகிறதா, அவனுக்குக் குழாயும் பள்ளிக்கூடமும் போட யார் பணம் கட்டுகிறார்கள், இந்த இரண்டையும் பார்த்தால் எந்த ஊருக்கு உண்மையிலேயே தெம்பு இருக்கிறது என்று ஓரளவு பிடிபடும்.

முதலில் எங்கள் பக்கத்தையே சொல்கிறேன், இதுதான் எனக்குக் கைப்பாடம்.

380 என்பது டாலஸுக்கு வடக்கே கிழக்கு மேற்காக ஓடுகிற சாலை. டென்டன், மெக்கின்னி, பிரின்ஸ்டன் வழியாகப் போகும். அதன் இரண்டு பக்கமும் இப்போது இருப்பது ஒரே காட்சிதான்: ஒரு பெட்ரோல் பங்க், ஒரு டோனட் கடை, ஒரு கார் வாஷ், பல் டாக்டர், பிறகு செங்கல்லும் கல்லும் ஒட்டிய ஒரே சாயல் வீடுகள், அதற்குப் பின்னால் இன்னும் வீடு ஏறாத வெற்று மண், மண் ஏற்றின லாரி. காலை ஏழரைக்கு அந்தச் சாலையில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று போனால், எல்லோரும் தெற்கே போகிறவர்கள் என்பது தெரியும். வேலை தெற்கே இருக்கிறது, வீடு வடக்கே இருக்கிறது. வங்கி கடன் கொடுக்கச் சம்மதிக்கிற விலையில் வீடு கிடைக்கிற வரைக்கும் வண்டியை வடக்கே ஓட்டிக்கொண்டே போவது, இதுதான் இந்தப் பகுதியின் வளர்ச்சித் திட்டம். 380-ஐ மெக்கின்னியைச் சுற்றி ஃப்ரீவேயாகத் திருப்பிவிட மாநில நெடுஞ்சாலைத் துறை வழி வகுத்து வைத்திருக்கிறது. அது வந்து சேரும்போது இந்தக் கூட்டம் இன்னும் இரண்டு ஊர் தள்ளிப் போயிருக்கும்.

இந்த வடக்கு ஓட்டம் புதிதல்ல. காலின் கவுண்டியில் 2000-இல் 4,91,675 பேர், 2020-இல் 10,64,465 பேர். முதலில் ரிச்சர்ட்சன், அப்புறம் பிளேனோ, அப்புறம் ஃப்ரிஸ்கோ. ஃப்ரிஸ்கோ கணக்கைச் சொன்னால் நம்ப மாட்டார்கள்: 1990-இல் 6,141 பேர், 2000-இல் 33,714, 2020-இல் 2,00,509. ஒரு தலைமுறைக்குள் கிராமம் பெருநகரமாகிவிட்டது. டொயோட்டா தன் வட அமெரிக்கத் தலைமையகத்தை 2017-இல் பிளேனோவுக்குக் கொண்டுவந்தது, கோல்ஃப் சங்கமான பிஜிஏ 2022-இல் ஃப்ரிஸ்கோவுக்கு வந்தது, அனுமார் கோயில், மசாலா அரைத்துத் தருகிற கடை, பரதநாட்டிய வகுப்பு எல்லாம் வந்தன. புதிய சப்டிவிஷன்களில் கிழக்குப் பார்த்த மனைதான் முதலில் தீரும், இதை வாஸ்து தெரியாத வெள்ளைக்கார சேல்ஸ் பெண்மணி எனக்கு விளக்கினார், "ஈஸ்ட் ஃபேஸிங் வேண்டுமா, அதற்குத் தனிப் பட்டியல் இருக்கிறது" என்று. சமையலறைக்குப் பின்னால் தாளிப்பதற்கென்றே கதவு போட்ட சின்ன அடுப்படி ஒன்றும் பிளானிலேயே வருகிறது. யார் வாங்குகிறார்கள் என்று பில்டர்களுக்கு நன்றாகத் தெரியும். 2025 செப்டம்பரில் புதிய ஹெச்-1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்தபோது, ஐடி கம்பெனிகளுக்கு அடுத்தபடியாகப் பதறியிருக்க வேண்டியவர்கள் 380 ஓரத்து பில்டர்கள்தான் என்பது என் ஊகம்.

மண்ணைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊர் வளர்ச்சியைப் பேச முடியாது. ஒரு கோடையில் என் மாமனார் கோவில்பட்டியிலிருந்து வந்திருந்தார். பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எதைக் கட்டினாலும் போய் நின்று பார்ப்பார். வீட்டைச் சுற்றிச் சுவரோரமாக ஓட்டை போட்ட ரப்பர் குழாயைப் புதைத்து நான் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, செடிக்கு ஊத்துவாங்க, வீட்டுக்கு எதுக்கு ஊத்துறீங்க?" என்றார். வெயிலில் மண் சுருங்கி அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கிவிடும் மாமா, ஈரம் காயாமல் வைத்திருந்தால்தான் அடியில் இருக்கிற கான்கிரீட் ஸ்லாப் வெடிக்காது என்றேன். அவர் குனிந்து ஒரு கட்டியை எடுத்து நசுக்கிப் பார்த்தார். "அட, இது நம்ம கரிசல்ல! பங்குனி சித்திரையில எங்க பருத்திக்காடு வெடிச்சுக் கெடந்தா காலே உள்ள போயிரும். இதுல போயி இத்தனை வீட்டைக் கட்டுறானே."

அவர் சொன்னது அப்படியே சரி. டாலஸைச் சுற்றி இருக்கிற கரும்புல்வெளி மண்ணும் நம் தென்மாவட்டக் கரிசலும் மண்ணியல் வகைப்பாட்டில் ஒரே இனம். ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். இங்கேயும் அதில் பருத்திதான் விளைந்தது, போன நூற்றாண்டின் தொடக்கத்தில் காலின் கவுண்டி பருத்திக்குப் பேர் போன இடம். இப்போது ஸ்லாபுக்குள் எஃகு வடங்களை இழுத்து முறுக்கிவிட்டு, அது ஒரே பலகையாக மிதக்கட்டும் என்று அதன்மேல் வீட்டை ஏற்றுகிறார்கள். சில வருடத்தில் கதவு சட்டத்தில் இடிக்க ஆரம்பிக்கும், சுவர் மூலையில் கோடு விழும், அஸ்திவாரம் சரிசெய்கிற கம்பெனிக்காரன் வந்து ஸ்லாபுக்கு அடியில் தூண் இறக்கி மட்டம் பார்ப்பான். எங்கள் பக்கத்தில் அஸ்திவாரப் பழுது ஒரு தனித் தொழில், விளம்பரம் ரேடியோவில் ஓயாது.

வீட்டுக்கே தண்ணீர் ஊற்ற வேண்டிய ஊரில் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? இந்தப் பகுதியில் பெரும்பாலான ஊர்களுக்கு மொத்த விலைக்குத் தண்ணீர் தருவது வடக்கு டெக்சஸ் முனிசிபல் வாட்டர் டிஸ்ட்ரிக்ட் என்ற நீர் வாரியம். நீண்ட காலம் லாவன் ஏரிதான் கைகொடுத்தது. அது போதாது என்று தெரிந்து, இன்னும் வடக்கே ஃபானின் கவுண்டியில் போடார்க் ஏரி என்று புதிதாக ஒன்றைக் கட்டினார்கள். 2018-இல் வேலை தொடங்கி, 2021 ஏப்ரலில் தண்ணீர் தேக்க ஆரம்பித்து, 2023-இல் குழாய்க்கு வந்தது. டெக்சஸில் கிட்டத்தட்ட முப்பது வருடத்துக்குப் பிறகு கட்டிய முதல் பெரிய நீர்த்தேக்கம் அது. அதற்கடுத்து வடகிழக்கு டெக்சஸில் சல்ஃபர் ஆற்றில் மார்வின் நிக்கல்ஸ் என்ற பெயரில் இன்னொரு நீர்த்தேக்கம் கட்ட வேண்டும் என்று பல பத்தாண்டுகளாகத் திட்டம் இருக்கிறது. அங்கே காடும் பண்ணையும் வைத்திருப்பவர்கள் டாலஸ்காரன் புல்தரைக்கு எங்கள் நிலம் மூழ்க வேண்டுமா என்று அதே பல பத்தாண்டுகளாகச் சண்டை போடுகிறார்கள். எனக்கு அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகவே படுகிறது, என் புல்தரையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இனி பிளேனோவுக்கு வருகிறேன். அலை கடந்து போன ஊர் எப்படி இருக்கும் என்பதற்கு பிளேனோவை விட்டால் வேறு உதாரணம் வேண்டாம். 2000-இல் 2,22,030 பேர், 2020-இல் 2,85,494 பேர். கூடியிருக்கிறது, ஆனால் நிதானமாக. நிலம் தீர்ந்துவிட்டது. வேலைகள் நிறைய இருக்கின்றன, ஊரும் அழகாக இருக்கிறது, வீட்டு விலை மட்டும் முப்பது வயது தம்பதிக்கு எட்டாது. எண்பதுகளில் வந்து வீடு வாங்கியவர்கள் பிள்ளைகள் கல்லூரிக்குப் போன பிறகும் அதே நாலு பெட்ரூம் வீட்டில் இருக்கிறார்கள். அவர்கள் விற்றுவிட்டுப் போக அதே தெருவில் சின்ன வீடு எதுவும் இல்லை, அப்படிக் கட்ட ஸோனிங் (எந்த மனையில் என்ன கட்டலாம் என்று சொல்கிற ஊர் விதி) விடவும் இல்லை. விளைவு பள்ளிக்கூடத்தில் தெரிந்தது. ஊர்ப் பள்ளிகளை நடத்துகிற பிளேனோ ஐஎஸ்டி 2024-இல் இரண்டு எலிமென்டரி, இரண்டு மிடில் ஸ்கூல் ஆக நான்கு பள்ளிகளை மூடுவதென்று முடிவெடுத்தது. பிறப்பு விகிதம் குறைந்ததும் காரணம்தான், ஆனால் பிள்ளை பெறுகிற வயதில் இருப்பவர்கள் அந்த ஊரில் நுழையவே முடியவில்லை என்பதும் காரணம். பல வருடங்களாகப் புதுப் பள்ளிகளாகத் திறந்துகொண்டிருந்த ஃப்ரிஸ்கோகூட 2025-இல் ஒரு மிடில் ஸ்கூலை மூடியது. அதே நேரத்தில் காரில் அரை மணி தூரத்தில் செலினாவிலும் பிராஸ்பரிலும் புதுப் பள்ளிக்குக் கான்கிரீட் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். இருக்கிற பள்ளியைப் பூட்டிவிட்டு இன்னொரு ஊரில் கடன் பத்திரம் விற்றுப் புதுப் பள்ளி கட்டுவதற்கு வளர்ச்சி என்று பெயர் வைத்தால் நான் என்ன சொல்ல?

இதற்கு மாற்றாக என்ன செய்யலாம் என்பதற்கு அதே மாநிலத்தில் இருக்கிற ஆஸ்டினைப் பார்க்கலாம். ஆஸ்டின் பெயரைச் சொன்னதும் டெஸ்லா, ஐடி வேலை, இசைக் கச்சேரி என்று ஆரம்பிப்பார்கள். எனக்கு அதைவிட சுவாரசியமாகப் பட்டது அங்கே நகர மன்றம் ஸோனிங் புத்தகத்தை வைத்துக்கொண்டு பட்ட பாடு. பழைய விதிகளை மொத்தமாக மாற்றி எழுத ஒரு பெரிய முயற்சி நடந்தது, கோட்நெக்ஸ்ட் என்று பெயர், வருடக்கணக்கில் ஓடி 2018-இல் கைவிடப்பட்டது. அப்புறம் வாடகை ஏறிய ஏற்றத்தில் ஊர் மனசு மாறியது. 2023 நவம்பரில், புதுக் கட்டடம் கட்டுகிறவர் இத்தனை கார் நிறுத்த இடம் விட்டே ஆக வேண்டும் என்ற விதியை ஊர் முழுவதும் எடுத்தார்கள். அடுத்த மாதமே, ஒரு வீடு மட்டும் கட்டலாம் என்றிருந்த மனையில் மூன்று கட்டலாம் என்று மாற்றினார்கள். 2024 மே மாதம் மனையின் குறைந்தபட்ச அளவை 5,750 சதுர அடியிலிருந்து 1,800 சதுர அடிக்கு இறக்கினார்கள். நம் கணக்கில் சொன்னால் ரெண்டரை கிரவுண்டுக்கு சற்றுக் குறைவாக இருந்தது முக்கால் கிரவுண்டு ஆனது.

2025-இல் இன்னொன்று செய்தார்கள், ஐந்து மாடி வரைக்கும் ஒரே படிக்கட்டு போதும் என்று. ஒற்றைப் படிக்கட்டு ஃப்ளாட்டில் வளர்ந்த நமக்கு இதில் என்ன அதிசயம் என்று தோன்றும். அமெரிக்காவில் பெரும்பாலான இடங்களில் மூன்று மாடிக்கு மேல் போனால் இரண்டு படிக்கட்டு கட்டாயம். அதனால் நடுவில் நீண்ட இருட்டு நடை, இரண்டு பக்கமும் கதவுகள், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம் மட்டுமே ஜன்னல். சின்ன மனையில் அந்தக் கட்டடம் அடங்கவே அடங்காது. படிக்கட்டு ஒன்று போதும் என்றால் அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டு இடத்திலும் மாடிக்கு இரண்டு வீடு, நாலு பக்கக் காற்று என்று கட்ட முடியும். ஊர் வளர்வது இந்த மாதிரி சுவாரசியமில்லாத விதிகளில்தான், மேயர் கையெழுத்து போட்டுப் படம் எடுத்துக்கொள்கிற தொழிற்சாலை ஒப்பந்தத்தில் மட்டும் அல்ல.

வாடகை என்ன ஆனது? 2022 உச்சத்திலிருந்து பதினைந்து சதவீதத்துக்கு மேல் இறங்கிவிட்டது. குத்தகை புதுப்பிக்கும்போது முதல் இரண்டு மாதம் இலவசம் என்று அபார்ட்மென்ட் ஆபீஸே போன் செய்கிற நிலைமை. இதில் கொஞ்சம் நியாயமாகப் பேச வேண்டும். மேலே சொன்ன விதி மாற்றங்களுக்கு முன்னாலேயே, வட்டி மலிவாக இருந்த நாட்களில் அனுமதி வாங்கிய கட்டடங்கள் 2023-இலும் 2024-இலும் ஒரே நேரத்தில் கட்டி முடிந்து வந்தன. ஐடி ஆள் எடுப்பும் தணிந்தது. இரண்டும் சேர்ந்த இறக்கம் இது. ஆனாலும் மற்ற ஊர்களிலும் ஐடி தணிந்தது, அங்கே வாடகை இப்படி இறங்கவில்லை. ஆஸ்டின் கட்ட விட்டது, அதனால் இறங்கியது. வீட்டு விலை இறங்கியதை வைத்து "ஆஸ்டின் முடிஞ்சுபோச்சு" என்று யூட்யூபில் வீடியோ போடுகிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை, இருபத்தைந்து வயதுப் பிள்ளை தன் சம்பளத்தில் தனியாக ஒரு வீடு எடுக்க முடிகிற பெரிய ஊர் என்றால் அதற்கு இன்னும் இருபது வருட ஓட்டம் இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

இதையே ஹூஸ்டன் சத்தமில்லாமல் முன்பே செய்தது. 1998-இல் உள்வட்டச் சாலைக்குள் மனை அளவை 1,400 சதுர அடி வரை குறைக்கலாம் என்றார்கள், 2013-இல் அதை ஊர் முழுக்க நீட்டினார்கள். பழைய ஒற்றை வீடு இருந்த இடத்தில் மூன்று மாடி டவுன்ஹோம் நாலைந்து நிற்பதை இன்றைக்கு அங்கே தெருத்தெருவாகப் பார்க்கலாம். கண்ணுக்கு அழகில்லை, வெள்ள வடிகால் விஷயத்தில் ஹூஸ்டனைப் பார்த்து யாரும் பாடம் படிக்க வேண்டாம், ஆனால் நடு ஊரில் நடுத்தர வருமானக்காரன் வீடு வாங்க முடிகிறது. மினியாபொலிஸ் 2018-இல் ஒற்றை வீட்டு ஸோனிங்கை எடுக்கிறோம் என்று தீர்மானம் போட்ட முதல் பெரிய நகரம். பேர் வாங்கித் தந்தது அந்தத் தீர்மானம், வேலை செய்தது என்னவோ பார்க்கிங் விதியைத் தளர்த்தியதும் பஸ் ஓடுகிற சாலைகளில் அபார்ட்மென்டுக்கு இடம் விட்டதும்தான். மூன்று குடும்ப வீடுகள் அங்கே ஒன்றும் பெரிதாக முளைத்துவிடவில்லை.

ஃபீனிக்ஸைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள், தைவான் சிப் கம்பெனி டிஎஸ்எம்சி வந்ததிலிருந்து. வேலை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அரிசோனாவில் 1980 முதல் ஒரு சட்டம் இருக்கிறது: ஃபீனிக்ஸ் மாதிரி குறிப்பிட்ட பகுதிகளில் மனை போட வேண்டுமென்றால் நூறு வருடத்துக்குத் தண்ணீர் உண்டு என்று காட்ட வேண்டும். 2023 ஜூனில் மாநில அரசு, நிலத்தடி நீரை மட்டும் நம்பி ஃபீனிக்ஸ் வட்டாரத்தில் இனிப் புதிய மனைத் திட்டங்களுக்கு அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டது. ஓரத்து ஊர்களுக்குத்தான் அடி, நகரத்துக்குள் கட்டத் தடையில்லை. எனக்கு அந்தச் சட்டம் பிடித்திருக்கிறது. பிரின்ஸ்டன் ஆட்கள் வந்து சேர்ந்த பிறகு விழித்துக்கொண்டது, அங்கே மனை போடும் முன்பே கேள்வி கேட்கிறார்கள்.

கொலம்பஸ், சார்லட், ராலே மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். கொலம்பஸுக்குப் பக்கத்தில் இன்டெல் 2022-இல் அறிவித்த தொழிற்சாலை தள்ளித் தள்ளி அடுத்த பத்தாண்டுக்குப் போய்விட்டது, அதை நம்பி அங்கே நிலம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள், பாவம். ஆனால் அந்த ஊர் 2024-இல் முக்கியச் சாலைகளில் ஸோனிங்கைத் திருத்தியது, அதே வருடம் நவம்பரில் பஸ்ஸுக்கென்று விற்பனை வரி கூட்ட மக்களே ஓட்டுப் போட்டார்கள், எனக்கு இன்டெல்லைவிட இதில்தான் நம்பிக்கை. சார்லட்டில் 2007-இல் ஓட ஆரம்பித்த ரயில் பாதையை ஒட்டி சவுத் எண்ட் என்ற பகுதி முழுக்க எழும்பிவிட்டது, 2025 நவம்பரில் அவர்களும் போக்குவரத்துக்காக டாலருக்கு ஒரு சென்ட் விற்பனை வரிக்குச் சம்மதித்தார்கள். ராலே பக்கம் ரிசர்ச் டிரையாங்கிள் என்ற ஆய்வுப் பூங்கா 1959 முதல் சீராக ஓடுகிறது, அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

சதவீதம் சொல்லாத கதைக்கு உச்சம் டெட்ராய்ட். 1950-இல் பதினெட்டரை லட்சம் பேர் இருந்த ஊர். 2020-இல் 6,39,111. 2013 ஜூலையில் திவால் மனு, அமெரிக்க வரலாற்றிலேயே பெரிய நகராட்சித் திவால், சுமார் 1,800 கோடி டாலர் கடன். சுற்றி இருக்கிற டிராய், நோவை, கேன்டன் ஊர்களில் கார் கம்பெனி வேலைக்கு வந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு, பான்டியாக்கில் கருமாரியம்மன் கோயில்கூட இருக்கிறது. அவர்களில் பலர் வருடக்கணக்கில் டெட்ராய்டுக்குள் போகாமலேயே டெட்ராய்டில் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள்.

2024-இல் வந்த மதிப்பீட்டில் அந்த ஊரில் மக்கள்தொகை கூடியிருந்தது, 1957-க்குப் பிறகு முதல் தடவையாக. கூடியது இரண்டாயிரம் பேருக்கும் குறைவு. அடுத்த வருட மதிப்பீட்டில் மொத்தம் 6,45,705. இதற்கு முன் அன்றைய மேயர் மைக் டக்கன் சென்சஸ் பீரோவோடு ஒரு சண்டையே போட்டார், இடித்த வீடுகளைக் கழிக்கிறீர்கள், பழுது பார்த்து ஆள் குடியேறிய வீடுகளைக் கூட்டுவதில்லையே என்று. அந்த வாதம் எனக்கு மிகவும் பிடித்தது. பாழடைந்த வீட்டில் ஒரு குடும்பம் திரும்ப வந்து விளக்கு போடுவதுதான் அந்த ஊரின் வளர்ச்சி, அது புதுக் கட்டட அனுமதிப் பட்டியலில் வராது. ஊர் நில வங்கி (கைவிடப்பட்ட மனைகளையும் வீடுகளையும் வைத்திருக்கிற நகர அமைப்பு), வீட்டை ஒட்டியிருக்கிற காலி மனையைப் பக்கத்து வீட்டுக்காரருக்கே நூறு டாலருக்குக் கொடுத்தது, அப்படி வாங்கித் தோட்டம் போட்டவர்கள் ஏராளம்.

மிச்சிகன் சென்ட்ரல் ரயில் நிலையக் கதையைச் சொல்லாமல் விட முடியாது. 1913-இல் திறந்தது, 1988-இல் கடைசி ரயில் போனது, அப்புறம் முப்பது வருடம் ஜன்னல் கண்ணாடிகூட இல்லாமல் நின்றது. பித்தளை, செம்பு, கல் என்று ஆளாளுக்குப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். 2018-இல் ஃபோர்டு அதை வாங்கியதும், யாரோ ஒரு ஆள் பெயர் சொல்லாமல் போன் செய்து, நிலையத்தின் கடிகாரம் என்னிடம் இருக்கிறது, திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லி, கம்பளியில் சுற்றி ஒரு பாழுங் கட்டடத்தின் மேல் சாய்த்து வைத்துவிட்டுப் போனார். காத்திருப்புக் கூடத்து விதானத்தில் இருபத்தொன்பதாயிரம் ஓடுகளைச் சுத்தம் செய்து சீரமைத்தார்கள். 2024 ஜூனில் திறந்தார்கள். இதனால் எத்தனை வேலை வந்தது என்று கணக்கு பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். திருடினவனே திருப்பிக் கொடுக்கிற அளவுக்கு ஒரு ஊர்மேல் நம்பிக்கை வந்தது என்றால் அந்த ஊரை நான் லேசாக எடை போட மாட்டேன்.

டெட்ராய்டில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை. சொத்து வரி நாட்டிலேயே அதிகமான ஊர்களில் ஒன்று, போதாததற்கு குடியிருப்பவர்களுக்கு 2.4 சதவீதம் நகர வருமான வரி. கட்டடத்துக்கு வரியைக் குறைத்து நிலத்துக்குக் கூட்டலாம், சும்மா நிலத்தை முடக்கி வைத்திருப்பவன் கட்டட்டும் என்று டக்கன் 2023-இல் ஒரு திட்டம் கொண்டுவந்தார், மாநில சட்டமன்றத்தில் அது நகரவில்லை. நல்ல யோசனை, வீணாகப் போயிற்று.

டெக்சஸ் சட்டமன்றத்தில் 2025-இல் ஒரு நல்ல காரியம் நடந்தது. பெரிய ஊர்களில் கடை, அலுவலகம் என்று ஒதுக்கிய இடத்தில் அபார்ட்மென்ட் கட்டத் தனி ஸோனிங் அனுமதி தேவையில்லை என்று ஒரு சட்டம், ஐந்து ஏக்கருக்கு மேல் புதிதாக மனை போட்டால் 3,000 சதுர அடிக்கு மேல் மனை அளவு கேட்கக்கூடாது என்று இன்னொரு சட்டம். இரண்டும் அந்த வருடம் செப்டம்பர் 1 முதல் அமல். எங்கள் பக்கத்து ஊர்கள் சில, இத்தனை மாடிக்குக் குறையக்கூடாது, இன்ன வசதி இருந்தே ஆக வேண்டும் என்று சுற்றுவழி தேட ஆரம்பித்துவிட்டன. பிளேனோவில் 2019-இல் மூடிய காலின் க்ரீக் மால் மாதிரி இடங்கள் வீடாக மாறினால் அந்தப் பள்ளிகளுக்குப் பிள்ளைகள் வருவார்கள். 2025 அக்டோபரில் பிளேனோவிலிருந்து விமான நிலையத்துக்கு சில்வர் லைன் ரயிலும் ஓட ஆரம்பித்துவிட்டது, அந்த ஸ்டேஷன்களைச் சுற்றி என்ன எழும்புகிறது என்பதைத்தான் இனி பார்க்க வேண்டும், பிரின்ஸ்டனின் அடுத்த சதவீதத்தை அல்ல.

இவ்வளவும் கேட்டுவிட்டு "அதெல்லாம் சரி, 380-இல் வாங்கலாமா வேண்டாமா?" என்று கேட்பீர்கள் என்று தெரியும். வாங்குங்கள், உங்கள் பணம், உங்கள் காலைப் பயணம். ஆனால் சேல்ஸ் ஆபீஸில் உட்காரும்போது கிரானைட் நிறத்தைக் கேட்பதற்கு முன்னால் எம்யூடி உண்டா என்று கேளுங்கள். முனிசிபல் யூட்டிலிட்டி டிஸ்ட்ரிக்ட் என்பதன் சுருக்கம். ஊர் எல்லைக்கு வெளியே மனை போடும்போது குழாயும் சாக்கடையும் போட்ட டெவலப்பருக்கு அந்த டிஸ்ட்ரிக்ட் கடன் பத்திரம் விற்றுப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும், அந்தக் கடனை நீங்கள் வருடா வருடம் வரியாக அடைப்பீர்கள், பள்ளி வரிக்கும் கவுண்டி வரிக்கும் மேலாக. வருமான வரி இல்லாத மாநிலம் என்று சொல்லி ஊரில் பெருமைப்பட்டுக்கொள்கிற ஆளுக்கு அது வருடத்துக்கு ஒரு மாத வீட்டுக்கடன் தவணை அளவுக்குக்கூட வந்து நிற்கலாம். ஒப்பந்தத்தில் கட்டுப்படும் முன் அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது டெக்சஸ் சட்டம், தருவார்கள், மற்ற காகிதங்களோடு ஒரே கட்டாக. அந்த ஒரு தாளை மட்டும் தனியே உருவி, வீட்டுக்குக் கொண்டுபோய், அன்று இரவே உட்கார்ந்து படியுங்கள்.